மூன்று வருடமும் இரண்டு தொப்பியும்

1

இத்தாலியில், பலேர்மோவில் எங்களுடைய ஆட்களுக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் பங்குத்தந்தை ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் நான் 'எக்சைஸ் அண்ணை'. இங்கே வந்து இருபத்தைந்து வருடம் முடிந்துவிட்டது. அந்த இருபத்தைந்து வருடமும் அடுத்தவர் வீட்டு நிலத்தைத் துடைத்தேன், அடுத்தவர் தகப்பன்மாரைக் குளிப்பாட்டினேன், அடுத்தவர் நாய்களை உலாத்தக் கொண்டுபோனேன். ஆனால் அதற்கு முன்னம் மன்னாரில் மதுவரித் திணைக்களத்தில் காவலராக இருந்த பதினொரு வருடத்தைத்தான் சனம் ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஏன் பொய் சொல்லுவான்.

வேலை இலேசானது. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கவேண்டும், பானையை உடைக்கவேண்டும், புளிக்க வைத்திருக்கும் கோடாவை மண்ணில் ஊற்றவேண்டும். பிறகு அதற்கு மூன்று பிரதி அறிக்கை எழுதவேண்டும். கஷ்டமானது அறிக்கைதான்.

ஞானஸ்நானம், கலியாணம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை என்று எங்கள் சனம் எங்கே கூடினாலும், இரண்டாவது கிளாசோடு என் மனைவியின் தம்பி பெனடிக்ற் தொடங்கிவிடுவான்.

"அத்தான், அந்த றீற்றம்மாவின்ரை கதையை ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் உடனே சொல்லமாட்டேன். வேண்டாம் என்று இரண்டு தரம் தலையாட்டுவேன். மூன்றாம் தரம் கதிரையை முன்னுக்கு இழுப்பேன்.

பேசாலைப் பக்கம் ஒரு நாள் எங்கள் ஜீப்பின் றேடியேற்றர் கொதித்து, நடுத்தெருவில் நின்றுவிட்டது. நானும் சாரதியும் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டினோம். உள்ளே ஒரே ஓட்டம். ஏதோ உருளுகிறது, தண்ணீர் கொட்டுகிறது. பிறகு 'சொய்' என்று சட்டி காய்கிற சத்தம். கனநேரத்துக்குப் பிறகு றீற்றம்மா என்ற பெண் கதவைத் திறந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை ஈரம். வீடு முழுக்கக் கருவாடு பொரிக்கிற மணம். பின்வளவில் இரண்டு பானை கோடாவும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் தொப்பியைக் கழற்றி, மரியாதையாகக் கேட்டேன்:

"அம்மா, றேடியேற்றருக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ?"

இந்த இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தப் பானையிலேயே அவள் தண்ணீர் தந்தாள், அதைக் குடித்த ஜீப் மன்னார் மட்டும் ஆடி ஆடித்தான் போனது என்று முடிப்பேன். இருபத்தைந்து வருடமாக ஒரு சொல் மாறவில்லை.

றீற்றம்மா தண்ணீரைத் தரும்போது என்னிடம் இரண்டு வசனம் சொன்னாள். அதை மட்டும் நான் ஒரு சபையிலும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்புக் கெட்டுவிடும்.

2

என் மகள் நிரோஷி இங்கே பிறந்தவள். பதினெட்டு வயதில் போய் ஒரு கையெழுத்துப் போட்டாள், இத்தாலியப் பிரஜையாகிவிட்டாள். போன வேகத்தில் திரும்பி வந்து, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்டாள். நான் அதே கையெழுத்துக்கு இருபத்திரண்டு வருடம் கடுதாசி சேர்த்தேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு கோளாறு, அதைத் திருத்தியபோது இன்னொரு கோளாறு. ஐம்பத்தைந்து வயதில் மொழிப் பரீட்சை எழுதினேன். பக்கத்து மேசையில் இருந்த மொறீசியஸ்காரர் என்னிடம் பார்த்து எழுதினார். பாவம், அவருக்கு வேறு வழி இல்லை.

எனக்குப் பிரஜாவுரிமை எதற்கு? இத்தாலியில் மந்திரியாக வருவதற்கு இல்லை. ரொறன்ரோவில் என் பெரியண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தில் படுத்திருந்து இரத்தம் சுத்தம் செய்கிறான். என்னிடம் இருக்கிற இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்துக் கனடாக்காரன் இரண்டு தரம் விசா இல்லை என்று சொல்லிவிட்டான். இத்தாலியக் கடவுச்சீட்டு என்றால் விசாவே தேவையில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி.

"எப்படா வாறாய்?"

"கடுதாசி வந்த உடனை வாறன் அண்ணை."

விண்ணப்பத்தை அனுப்பிய அன்று, பதில் வர மூன்று வருடம் ஆகலாம் என்றார்கள். அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டில் சொன்னேன். நிரோஷி குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டபடி கேட்டாள்:

"அப்பா, நீங்கள் கசிப்புக் காய்ச்சிறாக்களைப் பிடிச்சனீங்கள்தானே. அதை எப்பிடிக் காய்ச்சிறது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் உடைக்கிற ஆள்."

அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். இப்போது நகருக்கு வெளியே ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை செய்கிறாள். முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பை இறக்கி, நுரைக்க வைத்துப் பியர் ஆக்குவது அவளுடைய அன்றாட வேலை. அந்தப் பியரைக் காய்ச்சி வடித்தால் விஸ்கிக்கு அம்மா வரும் என்றாள். அதை மூன்று வருடம் மரத்துக்குள் வைத்தால் விஸ்கியே வரும்.

"மூண்டு வருஷம் ஆகாமல் அதை விஸ்கி எண்டு சொல்லக்கூடாது அப்பா. சட்டம்."

"மூண்டு வருஷம் ஆகாமல் என்னை இத்தாலியன் எண்டும் சொல்லக்கூடாது. அதுவும் சட்டம்தான்."

"அதுதானே சொல்லுறன்! ரெண்டையும் ஒண்டாத் தொடங்குவம். உங்கடை ஜுராமென்தோ அண்டைக்குத் திறப்பம்."

ஜுராமென்தோ என்றால் பிரஜையாகும்போது நகரசபையில் செய்கிற சத்தியப்பிரமாணம். நான் உடனே எழும்பிச் சட்டம் கதைத்தேன். இந்த நாட்டில் வீட்டிலே வைன் செய்யலாம், பியர் செய்யலாம். காய்ச்சி வடிப்பது குற்றம், என்னுடைய விண்ணப்பத்தில் ஒரு பொலிஸ் முறைப்பாடு விழுந்தால் எல்லாம் முடிந்தது என்றேன். ஒரு முன்னாள் மதுவரிக் காவலன் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். நிரோஷி பொறுமையாகக் கேட்டாள்.

"ஐஞ்சு லீற்றர் அப்பா. ஒருக்கா மட்டும்."

என் மனைவி ஜெசிந்தா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை உங்களுக்காக எண்டு ஒண்டைக் கேக்குது. இவ்வளவு நாளும் எங்களிட்டை உள்ளதிலை எதைத் தனக்கும் வேணும் எண்டு கேட்டது?"

அதற்குப் பிறகு என்னால் சட்டம் கதைக்க முடியவில்லை.

3

பெரிய பாஸ்தாப் பானைதான் எங்கள் வடிசாலை. அதற்குச் செம்பு மூடியும் செம்புக் குழாய்ச் சுருளும் செய்ய, பாத்திரக்காரர் தெருவுக்குப் போனோம். ரோஜாத் தண்ணீர் வடிக்க என்று நிரோஷி சொன்னாள். செம்புக்காரர் தலை நிமிரவில்லை. "இந்த வருடம் எல்லாரும் ரோஜாத் தண்ணீர்தான் வடிக்கிறார்கள்," என்றார்.

முதல் தரம் பிழைத்தது. ஆலையில் மிஞ்சிய பியரை நிரோஷி கான்களில் கொண்டுவந்தாள். அது கசப்புக்காக ஹொப் பூப் போட்ட பியர். வடிந்தது ஆசுபத்திரி மணத்தோடு வடிந்தது. ஜெசிந்தா அதை யன்னல் கண்ணாடி துடைக்கப் பாவித்தாள், நன்றாகத்தான் துடைத்தது. இரண்டாம் தரம் ஹொப் போடாமல் இதற்கென்றே புளிக்கவைத்த கோடாவைக் கொண்டுவந்தாள். 'வொஷ்' என்று அவள் சொன்னாள். நான் கோடா என்றுதான் சொன்னேன். பதினொரு வருடம் மண்ணில் ஊற்றிய சாமானை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வராது.

முதல் வடிவதை அவள் எடுத்து வீசினாள். "இது கூடாது, கண்ணைப் பறிக்கும்," என்று நான் திணைக்களத்துப் பாடத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அது தொட்டிக்குள் போய்விட்டது. நடுவில் வருவதைச் சேர்த்தாள். கடைசியில் ஈரச் சாக்கு மணம் வரத் தொடங்கியதும் நிறுத்தினாள். சேர்த்ததை இன்னொரு தரம் வடித்தாள். பதினொரு வருடத்தில் எத்தனையோ பானைகளை உடைத்தவன், ஒரு பானை என்ன செய்கிறது என்று அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கபோ சந்தையில் ஒரு வைன் வியாபாரியிடம், முன்பு மர்சாலா வைன் இருந்த சின்ன ஓக் பீப்பாய் ஒன்று வாங்கினோம். ஐந்து லீற்றரையும் ஊற்றி அடைத்ததும் எனக்குள் இருந்த உத்தியோகத்தன் விழித்துவிட்டான். மூடியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, ஒரு துண்டில் கையெழுத்தும் போட்டு ஒட்டினேன்.

"அப்பா, இது கள்ளச் சாமான். இதுக்கு நீங்கள் சீல் வைக்கிறியள்," என்று நிரோஷி நிலத்தில் இருந்து சிரித்தாள்.

"எதுக்கும் ஒரு முறை இருக்கு பிள்ளை."

மூன்று வருடம். நான் அதை ஒருநாளும் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் தூசு தட்டுவேன், காதை வைத்துப் பார்ப்பேன். என்ன கேட்டது என்று கேட்காதீர்கள்.

4

இந்த வருடம் தொடக்கத்தில் கடிதம் வந்தது. எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, சத்தியப்பிரமாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அண்ணைக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் குரல் செய்தி அனுப்பினான். அதில் சொல் ஒன்றும் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அடுத்த கிழமை வீட்டுக்காரர் வந்தார். வியா மக்வேதாவுக்குப் பின்னால் நாங்கள் பதினெட்டு வருடம் இருந்த வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். அந்தத் தெருவில் இப்போது படுத்தெழும்ப வருகிறவர்கள்தான் இருக்கலாம், குடியிருக்கிறவர்கள் இருக்க முடியாது. நாங்கள் போர்கோ வெக்கியோவில் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்கு மாறினோம். பீப்பாயை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீடு மாறினால் நகரசபையில் பதிய வேண்டும். பதிந்தால் நாற்பத்தைந்து நாட்களுக்குள் ஒரு நகரசபைக் காவலர், விஜிலே என்று சொல்லுவார்கள், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நாங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கிறோமா என்று பார்ப்பார். பார்த்து எழுதினால்தான் வதிவிடம். வதிவிடத்தில் இடைவெளி விழுந்தால் சத்தியப்பிரமாணம் நிற்கும்.

விஜிலே காலையில் வருவார். காலையில் நான் பொலித்தெயாமாப் பக்கம் ஒரு பேராசிரியருக்குச் சவரம் செய்துகொண்டிருப்பேன். ஜெசிந்தா தன் சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டில் திரைச்சீலை தோய்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் அடுத்தவர் வீடுகளில் இருப்பதற்கு எத்தனை சாட்சி வேண்டுமானாலும் கிடைக்கும். சொந்த வீட்டில் இருக்கிறோம் என்று காட்டத்தான் ஆள் இல்லை. முதல் தரம் விஜிலே வந்துபோன துண்டு கதவடியில் கிடந்தது. ஆள் இல்லை என்று எழுதியிருந்தது.

ஜெசிந்தா தன் சிஞ்ஞோராவிடம் கவலையைச் சொல்லியிருக்கிறாள். அந்த நல்ல மனுசி, "பயப்படாதே, நீ என் வீட்டில்தான் வாழ்கிறாய் என்று நானே வந்து எழுதித் தருகிறேன்," என்றாளாம். மாதாவே, அவள் வாயை மூடவைக்க இரண்டு நாள் பிடித்தது.

நான் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் குந்தினேன்.

5

வியாழக்கிழமை காலை. நிரோஷி வேலைக்குப் போகும்போது பீப்பாயைச் சமையலறை மேசையில் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். பின்னேரம் எல்லாரும் இருக்கும்போது ஒரு சொட்டு ருசி பார்ப்போம், பிறகு போத்தலில் அடைப்போம் என்பது திட்டம். நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்து சிஞ்ஞோரா பீனாவின் குரல் வந்தது. முதலாம் மாடியில் இருப்பவள். "காவல்காரர்! காவல்காரர் வருகிறார்கள்!" போர்கோ வெக்கியோவில் சீருடை ஒன்று சந்துக்குள் திரும்பினால் யாராவது கத்திச் சொல்லுவார்கள். இது அந்த இடத்து மரியாதை. நான் பல்கனியால் எட்டிப் பார்த்தேன். மேலே இருந்து பார்க்கத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. இரண்டு தொப்பி. எங்கள் வாசலுக்குள் நுழைந்தன.

இந்த இடத்தில் என்னுடைய உத்தியோக மூளை வேலை செய்தது. முன்பு, பழைய வீட்டுக்கு வந்த விஜிலே சாதாரணச் சேட்டுப் போட்டு, கையில் ஒரு கோப்போடு தனியே வந்தவர். அதோடு எங்கள் திணைக்களத்தில் ஒரு முறை இருந்தது: விசாரிக்கப் போனால் ஒருவர் போவார். சோதனைக்கு ஒருநாளும் தனியே போகக்கூடாது, இரண்டு பேர் போகவேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் சாட்சி.

இரண்டு தொப்பி. மேசையில் பீப்பாய். அதில் என் கையெழுத்து.

மணி அடித்தது. கோதாரி, கைக்கு வேலை தெரிந்திருந்தது. நான் வைத்த முத்திரையை நானே உடைத்தேன். பீப்பாயைத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தேன் நிறத்தில் போனது. மணம் எழும்பி வீடு முழுக்க நின்றது. சுட்ட பாண், தோடம்பழத் தோல், அறுத்த மரம் எல்லாம் சேர்ந்த மணம். மணி இரண்டாம் தரம் அடித்தது. செம்புச் சுருளை ஜெசிந்தாவின் சேலையில் சுற்றிச் சலவை இயந்திரத்துக்குள் போட்டேன். யாரோ கதவைத் தட்டி ஏதோ சொன்னார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அடுப்பை மூட்டிச் சட்டியை வைத்து, இருந்த கருவாடு முழுவதையும் எண்ணெயில் போட்டேன்.

'சொய்' என்றது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஈரக்கையோடு கதவைத் திறந்தபோது வெளியே ஒருவரும் இல்லை. துண்டு ஒன்று நிலத்தில் கிடந்தது. வதிவிடச் சோதனை, இரண்டாம் தரம், மூன்று முறை மணி அடித்தும் திறக்கப்படவில்லை, ஆள் இல்லை.

சிஞ்ஞோரா பீனா படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். "வதிவிடத்துக்கு வந்தவர்கள்! நீ மேலேதான் இருக்கிறாய் என்று நான் சத்தியம் பண்ணினேன். என் சத்தியம் போதாதாம். ஏன் திறக்கவில்லை?" அவள் மூக்கை உயர்த்தி ஒரு தரம் மணந்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் சமையலறை நிலத்தில் இருந்து அழுதேன்.

6

பின்னேரம் நிரோஷி வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

"முழுக்கவோ அப்பா?"

"ஓம்."

"நீங்கள் ருசி பாத்தனீங்களோ? ஒரு சொட்டாவது?"

"இல்லைப் பிள்ளை."

அவள் பீப்பாயை மடியில் எடுத்து, அதன் வாயில் மூக்கை வைத்து மணந்தாள். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "சும்மா இருந்த மனுசனுக்கு விசர். ஆர் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்று சொல்லிவிட்டு, கருவாட்டை எடுத்து வைத்தாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் சாமான் எடுத்து வைப்பாள்.

நிரோஷி எழும்பித் தண்ணீர் கொதிக்கவைத்தாள். ஆறவிட்டு ஒரு லீற்றரைப் பீப்பாய்க்குள் ஊற்றி, மூடி, மெல்ல உருட்டினாள்.

"மரமும் கொஞ்சம் குடிச்சிருக்கும்தானே. திருப்பித் தருதோ எண்டு பாப்பம்."

நான் மறுநாள் நகரசபைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "இரண்டு தரம் ஆள் இல்லை. மூன்றாம் தரமும் இல்லையென்றால் நீங்கள் அந்த வீட்டில் இல்லை."

"நான் இருக்கிறேன் சிஞ்ஞோரா. இதோ நிற்கிறேன்."

"இங்கே நிற்கிறீர்கள். அங்கே இல்லை."

ஞாயிற்றுக்கிழமை அண்ணை கேட்டான், "எப்படா வாறாய்?" என்று. "வாறன்," என்றேன். குரல் பிடிபட்டுவிட்டது. "என்ன, ஏதும் பிழைச்சுப்போச்சோ?" என்றான். "சளி," என்றேன்.

பத்து நாள் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. பேராசிரியரின் தாடி வளர்ந்தது. பதினோராம் நாள் காலை சிஞ்ஞோரா பீனா கத்தினாள். இந்தமுறை ஒரு சொல் கூட்டிக் கத்தினாள்: "வதிவிடம்! வதிவிடம்!" நான் கதவை முன்னமே திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்றேன். அதே இரண்டு தொப்பி ஏறி வந்தது. ஒன்றுக்குக் கீழே நரைத்த மீசை. மற்றதற்குக் கீழே ஒரு இளம் பெண்.

மீசைக்காரர் கட்டிலைப் பார்த்தார், பல்துலக்கிகளை எண்ணினார், சுவர் மாடத்தில் மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்தார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, கோப்பியைக் குடித்துக்கொண்டே எழுதினார். கடைசியில் பேனையை வைத்தார்.

"போன தரம் வந்தேன். உள்ளே தண்ணீர் ஓடியது. மூன்று தரம் அடித்தேன்."

"ஏன் போய்விட்டீர்கள்?"

"நான் என்ன எழுதுவது? வீட்டில் தண்ணீர் இருக்கிறது என்றா?" அவர் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "படிக்கட்டு முழுக்க நத்தார்ப் பண்டிகை மாதிரி மணந்தது. என்ன அது?"

அன்று வேலைக்குப் போகாமல் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்தாள்.

"மூன்று வருடம்," என்றேன்.

"முழுக்கவா?"

"முழுக்க."

அவர் நெஞ்சில் கையை வைத்தார். உண்மையாகவே வைத்தார். "சிஞ்ஞோரே, நான் பார்க்க வந்தது ஆட்கள் இருக்கிறார்களா என்று. என்ன குடிக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு கந்தோர்க்காரரின் வேலை."

"ஆனால் நீங்கள் இரண்டு பேர் வந்தீர்களே."

"இவளா? இவள் வேலை பழகுகிறாள்." அந்தப் பெண் சிரித்தாள். அவர் எழும்பித் தொப்பியைப் போட்டார். "ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்தக் குடியிருப்பில் யார் கதவைத் தட்டினாலும் உள்ளே நின்று 'கு யே?' என்று கத்துவார்கள். அப்படி 'யார் அது' என்று கேட்க ஒரு நொடி போதும். நீங்கள் ஏன் கேட்கவில்லை?"

நான் தோளைக் குலுக்கினேன். மறுமொழி எனக்குத் தெரியும். உள்ளே நின்று யார் என்று கேட்பது பயமில்லாதவர்களின் பழக்கம். நான் தட்டிய எந்த வீட்டிலும் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே நின்று பதினொரு வருடம் படித்த பாடத்தைத்தான் உள்ளே நின்று எழுதியிருக்கிறேன்.

7

சத்தியப்பிரமாணம் மூன்று நிமிடம். மூவர்ணப் பட்டி கட்டிய ஒரு அம்மையார் முன்னால், குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பையும் நாட்டின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன் என்று வாசித்தேன். சட்டங்கள் என்ற இடத்தில் நாக்கு ஒருமுறை தடுக்கியது. அம்மையார் அது உணர்ச்சி என்று நினைத்துத் தலையாட்டினார். பின்வரிசையில் நிரோஷி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் நின்றே அண்ணைக்கு எடுத்தேன். ரொறன்ரோவில் விடியவில்லை. ஆனாலும் முதல் மணிக்கே எடுத்தான்.

"பாஸ்போட் கைக்கு வர ரெண்டு கிழமை. வாறன் அண்ணை."

"இந்தமுறை உன்ரை குரலிலை சளி இல்லை," என்றான்.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. நாங்கள் மூன்று பேர், பெனடிக்ற், அவன் குடும்பம். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. சாப்பாடு பாதியில் பெனடிக்ற் வழக்கம்போலக் கிளாசை உயர்த்தினான்.

"இத்தாலிக்கார அத்தான், அந்த றீற்றம்மாவின்ரை கதையை ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் இரண்டு தரம் தலையாட்டவில்லை. உடனே தொடங்கினேன். ஜீப், றேடியேற்றர், படலை, ஓட்டம், கருவாடு. பெனடிக்ற்றின் வாய் சிரிப்புக்கு ஆயத்தமாக விரிந்திருந்தது. றேடியேற்றருக்குத் தண்ணி கிடைக்குமோ என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். நிரோஷி மட்டும் சிரிக்கவில்லை.

"அவ தண்ணி கொண்டந்து தந்தவ," என்றேன். "தந்துபோட்டுக் கேட்டவ, 'ஐயா, இதுக்குத்தானோ வந்தனீங்கள்?' எண்டு. பிறகு சொன்னவ, 'நாளையிண்டைக்கு மகளுக்குப் புதுநன்மை ஐயா, வாற ஆக்களுக்குக் குடுக்க வச்சிருந்தனான்' எண்டு."

சிரிப்பு நின்றது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று ஜெசிந்தா கேட்டாள். இருபத்தொன்பது வருடம் என்னோடு வாழ்கிறவள், இதை முதல் தரம் கேட்கிறாள்.

"ஒண்டும் சொல்லேல்லை. ஜீப்பிலை ஏறிச் சிரிச்சனான். மன்னார் மட்டும் சிரிச்சுக்கொண்டு போனனான்."

பெனடிக்ற் கிளாசை மேசையில் வைத்தான். நிரோஷி எழும்பிப் போய்ப் பீப்பாயைக் கொண்டுவந்தாள். ஆறு சின்னக் கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தாள். வெறும் தேத்தண்ணி நிறம். அந்த ஒரு லீற்றர் தண்ணீருக்கு மரம் தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

"இதை விஸ்கி எண்டு சொல்லக்கூடாது," என்றாள். "குடியுங்கோ அப்பா."

குடித்தேன். பெலம் இல்லை. ஆனால் சுட்ட பாண் இருந்தது, தோடம்பழத் தோல் இருந்தது, அந்த வியாழக்கிழமை வீடு முழுக்க நின்ற எல்லாம் தூரத்தில் இருந்தன. மூன்று வருடம் காது வைத்துக் கேட்டதை அப்போதுதான் ருசித்தேன். "நல்லாயிருக்குப் பிள்ளை," என்று சொல்ல வந்தேன்.

மணி அடித்தது.

கிளாசுகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. பெனடிக்ற் பீப்பாயை மேசைக்குக் கீழே தள்ளினான். ஜெசிந்தா ஒரு கையில் கிளாசோடு தொட்டியடிக்குப் போய்விட்டாள், மறு கை குழாயில் இருந்தது. நான் எழும்பிப் போய் அந்தக் கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டேன். பிறகு கிளாசோடேயே கதவடிக்கு நடந்தேன். உடனே திறக்கவில்லை. உள்ளே நின்றபடி, போர்கோ வெக்கியோ முழுக்கக் கேட்கக் கத்தினேன்:

"கு யே?"